தேயாத இடம்

சிவனாண்டிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், கணவாய்ப்பட்டியில் கண்விழித்த அத்தனை பேருக்கும் நெஞ்சில் ஒரு கீறல் இருந்தது. தொண்டைக்குழியில் ஆரம்பித்து நேர்கோடாக இறங்கித் தொப்புளுக்கு மேலே வந்து நிற்கிற கீறல். ரத்தம் இல்லை, வலி இல்லை, மூச்சு விட்டால் அது வழியாகவும் கொஞ்சம் காற்றுப் போய் வரும், அவ்வளவுதான். பால் கறக்கப் போனவன் மாட்டுக்கடியில் குனிந்தபோது பார்த்தான், குளிக்கப் போனவள் சோப்புப் போடும்போது பார்த்தாள், தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கும் இருந்தது, பூசாரிக்கும் இருந்தது, பாதிரியாருக்கும் இருந்தது, முந்தின நாள்தான் ஊருக்குள் வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண்ணுக்கும் இருந்தது. இது ஏன் வந்தது, யார் போட்டது என்றெல்லாம் யாரும் ரொம்ப நேரம் நின்று கேட்கவில்லை, ஏனென்றால் ஜீப் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது.

ஜீப்தான் அந்த ஊருக்குச் சோறு. மலைக்கு அடியில் ஊர், மலைக்கு மேலே ஏலத்தோட்டம், நடுவில் கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிற ரோடு. விடிந்தும் விடியாமலும் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஸ்டாண்டுக்கு வருவார்கள், உட்கார இடமில்லாத வண்டியில் மடிமேல் மடியாக ஏறுவார்கள், மேலே போய்க் குனிந்து காய் பறித்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்குவார்கள். அந்த ஜீப்புகளில் ஒன்றைத்தான் சிவனாண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலை, ஆறாவது வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது எஞ்சின் அசையாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் நின்றால் பிரேக்கும் மிதிக்க முடியாத கட்டையாகிவிடும். வண்டி பின்னாலேயே உருண்டு, தடுப்புச்சுவர் இல்லாத இடத்தைத் தேடிப் பிடித்தது மாதிரி அங்கே போய் விழுந்தது. வேலுத்தாயின் ஒரே மகள் உட்பட ஐந்து பெண்கள் செத்தார்கள். சிவனாண்டியும் செத்தான்.

ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் ஐந்து பெண்களின் படமும் இருந்தது, சிவனாண்டியின் படம் இல்லை. அவன் தூங்கிவிட்டானாம். ஊரே அப்படித்தான் சொன்னது, அப்படிச் சொல்வதுதான் ஊருக்கு வசதியாக இருந்தது. தூங்கினவன் செத்துப்போனதால் வந்து பதில் சொல்லப் போவதில்லை. அதுவே எஞ்சின்தான் காரணம் என்று சொன்னால் ரிங் மாற்றின தவசி மெக்கானிக்கைக் கேட்க வேண்டும், தவசியைக் கேட்டால் அவனை விரட்டி வேலை வாங்கின வண்டி முதலாளி மொக்கராசுவைக் கேட்க வேண்டும், மொக்கராசுவைக் கேட்டால் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை வண்டியும் நின்றுவிடும், வண்டி நின்றால் உலையில் என்ன போடுவது? அதனால் சிவனாண்டி தூங்கிவிட்டான்.

தூங்கவில்லை என்று தெரிந்தது ஒரே ஒருத்திக்கு, அவன் தங்கச்சி போதுமணிக்கு. பெண் பிள்ளை போதும் என்று வைத்த பெயர். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எதையும் உடனே கேட்டுவிடுவாள், கேட்டதுக்கு உடனே பதில் வரவில்லையென்றால் கையில் இருப்பதை எறிந்துவிடுவாள். வண்டி விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணனுக்குச் சோறு கொண்டு பட்டறைக்குப் போனபோது, அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பிஸ்டன் ரிங் முழு வட்டம் இல்லை, ஒரு இடத்தில் வெட்டி விட்ட வளையம். எஞ்சின் சூடானால் இரும்பு விரியும், விரிகிற இரும்புக்குப் போக ஒரு இடம் வேண்டும், அதுக்குத்தான் அந்த வெட்டு. வெட்டு அகலமாக இருந்தால் ஆயில் மேலேறி நீலப்புகை அடிக்கும். குறுகலாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, சிலிண்டரைக் கீறி, பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதனால் ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ஃபில்லர் கேஜில் இருக்கிற மெல்லிசான தகட்டு இலைகளை ஒவ்வொன்றாக வெட்டுக்குள் விட்டு அளப்பார்கள். அதிலும் ஒன்று இருக்கிறது. ஓடின சிலிண்டர் மேல்பக்கம் தேய்ந்து அகலமாகியிருக்கும், கீழ்ப்பக்கம் தேயாமல் பழைய அளவிலேயே நிற்கும். மேலே அளந்தால் எந்த ரிங்கும் சரியாகத்தான் தெரியும். கீழே தள்ளி, தேயாத இடத்தில் அளக்க வேண்டும்.

தவசி மேலே அளந்தான்.

"பதினாலு தவு நிக்குது" என்றான். ஒரு அங்குலத்தை ஆயிரமாகக் கீறினால் அதில் ஒரு கீற்றுத்தான் தவு.

"அண்ணே, கீழயும் ஒருக்கா தள்ளிப் பாத்துருங்கண்ணே" என்றான் சிவனாண்டி.

"பெட்டியப் பிரிச்ச புது ரிங்குடா. அளவாத்தான் அனுப்புவான்."

"ரிங்கு புதுசுண்ணே. சிலிண்டரு?"

"விடிஞ்சா ஆள் ஏத்தணும்னு மொதலாளி ஆள் மேல ஆள் விட்டுக்கிட்டிருக்காரு. நீ ஓட்டுறவன், ஓட்டு. மாட்டுறது எனக்குத் தெரியும்."

சிவனாண்டி தங்கச்சியைப் பார்த்துக் கண்ணடித்தான். "கேட்டுக்கத்தா. இவரு பொண்ணு பாக்கப் போனப்பயும் இப்பிடித்தான் மேலாக்கப் பாத்துட்டு வந்தாரு. இப்ப மதினிகிட்ட தெனம் அடி."

தவசி சிரித்துக்கொண்டே கை துடைக்கிற கழிவு நூலை அவன்மேல் எறிந்தான். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பள்ளத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்த எஞ்சினை மொக்கராசு அன்றைக்கே பழைய இரும்பு எடைக்குப் போட்டுவிட்டான். தவசி ஸ்டாண்டில் நின்று, "எஞ்சின் சரியாத்தான் இருந்துச்சு. ஆளுதான் சரியில்ல" என்றான். போதுமணி தான் பார்த்ததைச் சொன்னாள், வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், பொம்பளப்பிள்ளைக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கதவைச் சாத்தினார்கள். அதுக்கப்புறம்தான் கீறல் வந்தது.

கீறலை ஊர் நன்றாகவே ஏற்றுக்கொண்டது. நர்சம்மா பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தாள், மூச்சுக்காற்று அதைப் பிடுங்கி எறிந்தது, சரி விடுங்கள் என்று போய்விட்டாள். டெய்லர் ஜாக்கெட்டுக்கு உள்ளே ஒரு பட்டி வைத்துத் தைக்க ஆரம்பித்தான். பீடி குடிக்கிறவர்களுக்கு நெஞ்சு வழியாகவும் புகை வந்தது, அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. பிள்ளைகள் கீறலில் புளியங்கொட்டையைச் செருகி மூச்சால் தெறிக்கவிட்டு விளையாடினார்கள், இளவட்டங்கள் அதில் விரலை வைத்து அழுத்திச் சினிமாப் பாட்டை விசிலடித்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குக் கீறல் நேராக இருக்கிறதா என்று ஒரு கிழவியை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். ஜீப்பில் மடிமேல் மடியாக உட்கார்ந்தவர்களுக்கு ஒருத்தி நெஞ்சுக்காற்று இன்னொருத்தி முதுகில் பட்டது, குளிர்காலத்துக்கு அது நல்லதாப் போச்சு என்றார்கள்.

டீக்கடையில் யாரோ ஒருத்தர்தான் சொன்னார், இது ரிங்கில் விடுகிற வெட்டு மாதிரியில்ல இருக்கு என்று. சொன்னதும் எல்லாருக்கும் அப்படியே பட்டது. அப்படியென்றால் அளக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருத்தன்தானே இருக்கிறான். மொக்கராசு ஸ்டாண்டில், அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே, ஒரு பெஞ்சும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுக் கொடுத்தான். தவசி ஃபில்லர் கேஜோடு உட்கார்ந்தான். ஊர் வரிசையில் நின்றது. ஒவ்வொருத்தராக வந்து தலையைத் தூக்க, தொண்டைக்குழிக்குக் கீழே, கீறல் ஆரம்பிக்கிற இடத்தில் இலையை விட்டுப் பார்த்து, "பதினாலு, சரியா இருக்கு, அடுத்தாளு" என்றான் தவசி. சரியாக இருக்கிறது என்று கேட்டவர்கள் பரீட்சையில் பாஸானவர்கள் மாதிரி போனார்கள். வழியில் பார்த்தவர்களிடம், "எனக்குப் பதினஞ்சு, ஒனக்கு?" என்று கேட்டார்கள்.

பிறகு ஆட்கள் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். குழாயடியில் குடத்தை யார் முன்னால் வைத்தது என்று சண்டை போட்ட ஒருத்தி, ஓங்கின கையோடு, திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டாள். கண் மட்டும் உருண்டது. நனைத்த கோணியைப் போர்த்தி, தலையோடு தண்ணீர் ஊற்றின பிறகுதான் விட்டது. அடுத்து, மகனை அடிக்க பெல்ட்டை உருவின ஒருத்தர். அடுத்து, தோட்டத்து மேஸ்திரி தன் இடுப்பில் கை வைத்ததும் திரும்பி முறைத்த ஒருத்தி. அவளை ஏலக்காய் மூட்டையோடு மூட்டையாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். கோபம் வந்து நெஞ்சு சூடானால் ஆள் பிடித்துக்கொள்கிறது என்று ஊருக்குப் புரிந்தது. தவசியிடம் கேட்டார்கள். அவன் மறுபடியும் மேலே அளந்து பார்த்துவிட்டு, "அளவு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல" என்றான்.

அதனால் ஊர் கோபப்படுவதை விட்டுவிட்டது. அதுவும் ஒன்றும் கஷ்டமாக இல்லை. புருஷன்மார் சோற்றில் கல் கிடந்தால் ஓரமாக எடுத்து வைத்தார்கள், கூலி குறைந்தால் நாளைக்குச் சேர்த்துத் தருவார்கள் என்று மடித்து இடுப்பில் செருகினார்கள், செத்த வீட்டில்கூட மெதுவாக அழுதார்கள். வேலுத்தாய் தன் மகள் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். மொக்கராசுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. "இப்பத்தான்யா ஊரு ஊரா இருக்கு" என்றான்.

போதுமணிக்கு மட்டும் முடியவில்லை. ஃப்ளெக்ஸைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் பிடித்துக்கொண்டாள், ஒரு கால் முன்னால் ஒரு கால் பின்னால் வைத்தபடி ரோட்டு நடுவில் நின்றாள், பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்து இறங்கி வந்து அவளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனான். அம்மா குடம் குடமாக ஊற்றினாள்.

"அவன் பேர விட்டுத் தொலடி. அவந்தான் போயிட்டான். நீயும் கல்லா நின்னா நான் யாரப் பாத்துக்கிட்டுக் கெடக்குறது?"

"தூங்கலம்மா அவன்."

"சரி, தூங்கல. நமக்குத் தெரியுதுல்ல, போதும்."

"எனக்குப் போதாது."

அவள் சிவனாண்டியின் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அதில் பழைய ஃபில்லர் கேஜ் ஒன்று இருந்தது. ஆகச் சின்ன இலையை எடுத்துக் கீறலின் அடிப்பக்கம், தொப்புளுக்கு மேலே வைத்துத் தள்ளினாள். போகவில்லை. இரண்டு விளிம்பும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. பையில் தட்டை அரமும் இருந்தது. ரிங்கை அரத்தால் ராவுகிற விதம் அவளுக்குத் தெரியும், அண்ணன் ராவிப் பார்த்திருக்கிறாள்: ஒரு முனையை மட்டும் ராவணும், வெளியிலேர்ந்து உள்ளே ஒரே பக்கமா இழுக்கணும், திரும்பும்போது உரசக் கூடாது, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருதரம் அளக்கணும், ஏன்னா கூடுதலா ராவிட்டா ஒட்டவைக்க முடியாது, ஆயுசுக்கும் புகைதான். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ராவினாள். வலி வந்தது, கீறலுக்கு அதுவரை இல்லாத வலி. சாம்பல் நிறத்தில் தூள் உதிர்ந்தது. இலை உள்ளே போனதும் நிறுத்தினாள். பிறகு ஃப்ளெக்ஸுக்கு முன்னால் போய் நின்று வயிறெரிய அதைப் பார்த்தாள். நெஞ்சு கொதித்தது. பிடித்துக்கொள்ளவில்லை.

நேராக வரிசையை உடைத்துக்கொண்டு தவசிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னாடி இந்தச் சித்திக்கு அளங்க" என்று வரிசையில் நின்ற வேலுத்தாயைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

தவசி தொண்டைக்குழியில் இலையை விட்டான். "பதினாலு. சரியா இருக்கு."

"கீழ அளங்க."

"எல்லாம் ஒரே அளவுதான் புள்ள."

"ஒரே அளவுன்னா அளக்குறதுக்கு என்னா? கை வலிக்குதா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தவசி இலையைக் கீழே வைத்தான். போகவில்லை. அடுத்த சின்ன இலை, போகவில்லை. ஆகச் சின்ன இலை வளைந்தது. வேலுத்தாய் குனிந்து வளைந்த இலையைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"ஊரு மொத்தத்துக்கும் மேலதான் அளந்தீக" என்றாள் போதுமணி. "எங்கண்ணன் அம்புட்டுச் சொல்லியும் அன்னைக்கும் அப்பிடித்தான் அளந்தீக. தேஞ்ச எடத்துல அளந்துட்டு ஆளு சரியில்லன்னீக. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம். இந்தச் சித்தி மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

தவசி வேலுத்தாயைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கோர்த்தது, எழுந்தான், வாயைத் திறந்தான்.

"அன்னைக்கு..." என்றான். அதோடு பிடித்துக்கொண்டான். ஊரையே அளந்தவன் தன்னை அளந்து பார்த்ததில்லை.

கோணி போர்த்தினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து நெஞ்சில் கவிழ்த்தார்கள். விடவில்லை. ஒரு கையில் கேஜோடு, வாய் திறந்தபடி, ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றான். கண்ணும் அசையவில்லை, இமையும் அசையவில்லை, மேல்கீறலில் மட்டும் மெல்லிசாகக் காற்றுப் போய் வந்தது.

மொக்கராசு உடனே சொன்னான், "பாத்தீகளா, இல்லைன்னு சொல்ல வந்தான். அன்னைக்கு நான் சரியாத்தான் அளந்தேன்னு சொல்ல வந்தான்."

இல்லை, மேலே அளந்தேன் என்றுதான் சொல்ல வந்தான் என்றார்கள் சிலர். அன்னைக்கு என்றால் எந்த அன்னைக்கு என்றார்கள் சிலர். கோபப்படாமல் பேச வேண்டியிருந்ததால் பேச்சு நீண்டுகொண்டே போனது, ஒரு முடிவுக்கும் வரவில்லை. நாள் போகப் போக ஊர் தவசிக்கும் பழகிவிட்டது. அவன் பெண்டாட்டி காலையும் மாலையும் வந்து முகம் துடைத்து, திறந்த வாயில் கஞ்சி விட்டாள். நீட்டின கையில் யாரோ தூக்குச்சட்டியை மாட்டினார்கள், அப்புறம் எல்லாரும் மாட்டினார்கள். ஜீப்புக்கு நிற்கிறவர்கள் அவன் நிழலில் நின்றார்கள்.

போதுமணி தினமும் விடிகாலையில் அரத்தோடு வந்தாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கீறலின் அடிப்பக்கம் ஒரு இழுப்பு, ஒரு அளவு, ஒரு இழுப்பு, ஒரு அளவு. தண்ணீரால் விடாத சூடு அது, உள்ளே விளிம்போடு விளிம்பு கடித்துக்கொண்டிருந்தது, அரம் வழுக்கியது. மொக்கராசு வந்து, "ஏய், மனுசன அறுக்குறியாடி?" என்று கத்த ஆரம்பித்தான், பாதியில் தன் தாடை இறுகுவது தெரிந்ததும் பயந்துபோய் உட்கார்ந்து துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டான். பெண்கள் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டேயிருக்க வண்டி கிளம்பிவிடும்.

அவளைக் காத்திருக்கச் சொல்கிற வேலை அது, அவளுக்கோ காத்திருக்கத் தெரியாது. மழை பிடித்த ஒரு காலையில் அடியில் ஒட்டியிருந்தது ஒரு மயிரிழைதான், இன்னும் ஒரு இழுப்பு, அளந்துவிட்டு இன்னொன்று என்று அண்ணன் சொன்னது காதில் கேட்டது, வண்டி கிளம்ப செல்ஃப் அடித்த சத்தமும் கேட்டது, இன்றைக்காவது இவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அவள் அளக்காமல் அடுத்தடுத்து இழுத்தாள்.

தவசி விட்டான். மடங்கி உட்கார்ந்தான். இத்தனை நாள் வாயில் நின்ற வார்த்தை வெளியே வந்தது.

"அன்னைக்கு மேல மட்டுந்தான் அளந்தேன்."

வண்டியிலிருந்த அத்தனை பெண்களும் கேட்டார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான். மொக்கராசு துண்டுக்கடியிலிருந்து கேட்டான். போதுமணி அரத்தைக் கீழே போட்டாள்.

"அன்னைக்கு மேல மட்டுந்தான் அளந்தேன்" என்றான் தவசி மறுபடியும். அவன் நெஞ்சுக்கீறலிலிருந்து மெல்லிசாக நீலப்புகை வந்தது. இரண்டு இழுப்பு கூடிப்போய்விட்டது. இனி அது அடங்காது. வேலுத்தாய் வந்து முன்னால் நின்றாள், அவளிடம் சொன்னான். டீ கொண்டுவந்தவனிடம் சொன்னான். பெண்டாட்டியிடம் சொன்னான், நாயிடம் சொன்னான், ஒருவரும் இல்லாதபோது மழையிடம் சொன்னான்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. சரி, சிவனாண்டி தூங்கவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள், சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார்கள். யாரும் மொக்கராசுவைப் போய்க் கேட்கவில்லை. கேட்டால் சூடாகும், சூடானால் பிடித்துக்கொள்ளும். ராவிக்கொள்ளலாமே என்று போதுமணி அரத்தை நீட்டினபோது, வலிக்கும்ல என்றார்கள். கொஞ்ச நாளில் தவசி சொல்வது ஸ்டாண்டில் கேட்கிற மற்ற சத்தங்களோடு சேர்ந்துவிட்டது. புகையடிக்கிறான் என்று அவனைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தார்கள்.

மழை பலத்ததும் மொக்கராசு ஃப்ளெக்ஸை அவிழ்த்து, ஒழுகுகிற ஜீப்புக்கு மேல்கூரையாகக் கட்டிவிட்டான். நல்ல கெட்டித் துணி, வீணாகப் போவானேன்.

சம்பாதிக்கிறவன் இல்லாத வீட்டில் இருந்து யாராவது மலைக்குப் போகத்தானே வேண்டும். போதுமணி தூக்குச்சட்டியோடு ஸ்டாண்டுக்கு வந்தாள். ஏறுவதற்கு முன்னால் கோணி ஊசியும் சணலும் எடுத்து, ஃப்ளெக்ஸில் ஐந்து பெண்களின் படத்துக்குப் பக்கத்தில், டிரைவர் தலைக்கு நேர் மேலே, சிவனாண்டியின் படத்தை வைத்துத் தைத்தாள். மொக்கராசு பார்த்தான். தாடையைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

"எஞ்சின கீழ அளந்தாச்சாப்பா?" என்று கேட்டாள் வேலுத்தாய், ஏறிக்கொண்டே.

"எனக்கென்ன தெரியும்? மாட்டுனவங்களக் கேளு" என்றான் புது டிரைவர்.

"அன்னைக்கு மேல மட்டுந்தான் அளந்தேன்" என்றான் தவசி, தள்ளி உட்கார்ந்து.

எல்லாரும் ஏறினார்கள். மடிமேல் மடியாக, செத்தவர்களின் முகத்துக்குக் கீழே உட்கார்ந்தார்கள். ஒன்று, இரண்டு என்று வளைவுகள் போயின, மழையில் ஃப்ளெக்ஸ் படபடத்தது. ஆறாவது வளைவில் எஞ்சின் முக்கி முனகினபோது ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். வேலுத்தாய் ஈரத்துண்டைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "அவன் தூங்கல" என்றாள். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், அவள் மடியில் இருந்தவள் சொன்னாள், கடைசி சீட்டு வரைக்கும் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், மெதுவாக, ஆறின குரலில், நெஞ்சு சுட்டுவிடாதபடிக்கு. போதுமணி மட்டும் கத்தினாள். எஞ்சின் சத்தத்தைத் தாண்டி, பள்ளத்தில் போய் மோதித் திரும்புகிற மாதிரி கத்தினாள், ஏனென்றால் அந்த வண்டியில் நெஞ்சு சூடாகி விரிய இடம் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.